மாற்றுறுப்பும் மருந்துகளும்: தொடங்குமுன் கேளுங்கள், நிறுத்துமுன்னும் கேளுங்கள்

சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல் ஆகியவற்றுள் ஒன்றை மாற்றுச் சத்திரசிகிச்சை மூலம் பெற்ற ஒருவர் உங்கள் குடும்பத்திலோ அயலிலோ இருக்கக்கூடும். அவர் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளே அந்த உறுப்பைக் காத்து நிற்கின்றன. வேறொரு மருந்தோ பழமோ மூலிகையோ அம்மருந்துகளின் ஆற்றலை நோயாளி அறியாமலே கூட்டவும் குறைக்கவும் முடியும். இது எவ்வாறு நிகழ்கிறது, எவற்றில் கவனம் தேவை, ஐயம் எழும்போது யாரை நாடுவது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இது பொதுத் தகவல் மட்டுமே. உங்கள் மருத்துவக் குழு தந்த அறிவுரைக்கு இது மாற்றாகாது.

மருந்து ஏன் தேவைப்படுகிறது?

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் உலகின் முதலாவது வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. சிறுநீரகத்தை வழங்கியவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர். ஆகவே, பெற்றவரின் உடல் அவ்வுறுப்பை அந்நியமாகக் கருதவில்லை. ஏனையோரின் நிலை அவ்வாறன்று. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் புதிய உறுப்பை வெளியிலிருந்து வந்த பகையாகவே எண்ணித் தாக்கும். இதனை ‘நிராகரிப்பு’ என்பர். நிராகரிப்பைத் தடுப்பதற்கு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வழங்கப்படுகின்றன.

பெரும்பாலானோர் இவ்வகை மருந்துகள் இரண்டையோ மூன்றையோ சேர்த்து எடுக்கின்றனர். டக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் இவற்றுள் முதன்மையானது. இதனோடு மைக்கோபினோலேட் அல்லது அசாதியோபிரின் சேர்க்கப்படும். பலருக்குப் பிரட்னிசோலோனும் தரப்படும். உறுப்பு இயங்கும் காலம்வரை இம்மருந்துகள் தேவை. உடல்நிலை நன்றாக இருப்பது மருந்தைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. மருந்து தன் வேலையைச் செய்கிறது என்பதற்கே அது சான்று.

குறுகிய எல்லைக்குள் ஓர் அளவு

ஜப்பானின் சுக்குபா மலைப்பகுதி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது டக்ரோலிமஸ். அது மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும். சத்திரசிகிச்சைக்குப் பின் கழிந்த காலத்தையும் மாற்றப்பட்ட உறுப்பையும் பொறுத்து இலக்கு வேறுபடும். எனினும் பலருக்கு ஒரு மில்லிலீற்றர் குருதியில் 5 முதல் 10 நானோகிராம் வரையிலான அளவே இலக்காக வைக்கப்படுகிறது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு.

அளவு இவ்வெல்லைக்குக் கீழே இறங்கினால் நிராகரிப்புத் தொடங்கலாம். மேலே ஏறினால் கைநடுக்கம், தலைவலி, குருதியில் பொட்டாசியம் மிகுதல், நீரிழிவு, எளிதில் தொற்றுக்கு ஆளாதல் ஆகியன நேரலாம். சிறுநீரகமும் பழுதுறலாம். காக்க வந்த மருந்தே அளவு மிஞ்சினால் காக்கப்பட வேண்டிய சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை மறத்தலாகாது.

அளவு கூடினாலும் குறைந்தாலும் உடல் உடனே சொல்லிவிடுவதில்லை. சிறுநீரக நிராகரிப்பு பெரும்பாலும் வலியின்றியே தொடங்குகிறது. குருதிச் சோதனையே அதை முதலில் காட்டும். “எனக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்று கூறி ஒரு புதிய மருந்தைத் தொடர்வது இக்காரணத்தால் ஆபத்தானது.

குளமும் மதகும்

நாம் விழுங்கும் டக்ரோலிமஸ் முழுவதும் குருதியைச் சென்றடைவதில்லை. குடற்சுவரிலும் கல்லீரலிலும் உள்ள சி.வை.பி. 3ஏ4 என்னும் நொதியம் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகிறது. சராசரியாக நான்கில் ஒரு பங்களவே குருதியில் சேர்கிறது. இந்த இழப்பையும் கணக்கில் எடுத்தே மருத்துவர் உங்கள் அளவைத் தீர்மானிக்கிறார். இந்நொதியத்தின் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒத்த எடையுள்ள இருவருக்கு வெவ்வேறு அளவு தரப்படுவதும் இதனாலேயே. இன்னொருவரின் அளவோடு உங்கள் அளவை ஒப்பிடுவதில் பயனில்லை.

ஒரு குளத்தை எண்ணிப் பாருங்கள். வாய்க்கால் வழியே ஒரே அளவு நீர் வந்துகொண்டிருக்கிறது. மதகு வழியே ஒரே அளவு நீர் வெளியேறுகிறது. குளத்தின் நீர்மட்டம் மாறாது நிற்கிறது. யாரேனும் மதகை அடைத்தால் நீர் கரைமேவும். மதகை முழுமையாகத் திறந்துவிட்டால் குளம் வற்றும். இரண்டு வேளையிலும் வாய்க்காலில் வரும் நீர் மாறவில்லை. அதுபோலவே, நோயாளி தன் மாத்திரையை ஒருநாளும் தவறாது எடுத்திருப்பார். ஆயினும் வேறொரு பொருள் அந்நொதியத்தை அடக்கினால் குருதியில் மருந்து ஏறும். நொதியத்தைத் தூண்டினால் மருந்து இறங்கும்.

இதில் இன்னொரு படியும் உண்டு. மதகு திறந்திருந்த காலத்தில் குளம் வற்றாதிருக்க மருத்துவர் வாய்க்கால் நீரைக் கூட்டியிருப்பார். அதாவது, டக்ரோலிமஸ் அளவை உயர்த்தியிருப்பார். பின்னர் யாருக்கும் கூறாமல் மற்ற மருந்தை நிறுத்தினால் மதகு பழைய நிலைக்குத் திரும்பும். கூட்டிய நீரோ அப்படியே வந்துகொண்டிருக்கும். எனவே ஒன்றைத் தொடங்குவது போலவே ஒன்றை நிறுத்துவதும் ஒரு மாற்றமே. அதையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

அளவை உயர்த்துபவை

• நெஞ்சுச்சளித் தொற்றுக்குத் தரப்படும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகள்.

• பூஞ்சைத் தொற்றுக்கான புளுக்கோனசோல், இட்ராகோனசோல், வோரிகோனசோல். இவற்றுள் புளுக்கோனசோல் மருந்துச்சீட்டின்றி மருந்தாளரிடமே கிடைக்கக்கூடியது.

• குருதியழுத்தத்துக்கும் இதயத்துடிப்புக்கும் தரப்படும் டில்டியாசெம், வெரப்பமில்.

• கோவிட் நோய்க்கான பக்ஸ்லோவிட். இதிலுள்ள ரிட்டோனாவிர் மேற்கூறிய நொதியத்தை மிக வலுவாக அடக்கும். ஓரிரு நாள்களிலேயே டக்ரோலிமஸ் அபாயகரமான அளவுக்கு ஏறலாம். கோவிட் உறுதியானால் முதலில் உங்கள் மாற்றுச் சிகிச்சைக் குழுவுடன் பேசுங்கள்.

• கிரேப்புரூட் பழமும் அதன் சாறும். 1980களின் இறுதியில் கனடிய ஆய்வாளர்கள் ஒரு குருதியழுத்த மருந்தை ஆராய்ந்தபோது, மதுவின் சுவையை மறைக்க இச்சாற்றைப் பயன்படுத்தினர். மருந்தின் அளவு எதிர்பாராத வகையில் உயர்ந்தது. இப்பழத்தின் ஆற்றல் இவ்வாறு தற்செயலாகவே தெரியவந்தது. இது குடற்சுவரிலுள்ள நொதியத்தைச் செயலிழக்கச் செய்கிறது. உடல் புதிய நொதியத்தை உருவாக்கும்வரை, அதாவது ஒரு நாளுக்கும் மேலாக, அவ்விளைவு நீடிக்கும். ஆகவே காலையில் பழமும் மாலையில் மருந்துமாகப் பிரித்து எடுப்பதால் பயனில்லை.

கடும் வயிற்றுப்போக்கும் டக்ரோலிமஸ் அளவை உயர்த்தக்கூடும். மருந்து வெளியேறிவிடும் என்றே பலரும் கருதுவர். ஆனால் குடற்சுவர் பாதிக்கப்படும்போது மருந்தைத் தடுக்கும் அதன் ஆற்றல் குன்றுவதால், குருதியில் கூடுதலாகச் சேர்வதே பெரிதும் நிகழ்கிறது.

அளவைக் குறைப்பவை

• காசநோய்க்கான ரிஃபாம்பிசின். நொதியத்தைத் தூண்டும் மருந்துகளுள் இது மிக வலியது. காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் வளர்ந்தவர்களின் உடலில் அக்கிருமி உறங்குநிலையில் இருக்கலாம். நோயெதிர்ப்பு அடக்கப்படும்போது அது விழித்தெழக்கூடும். இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் பிறந்தவர்களுக்கு இது ஒரு மெய்யான கவலை. சிகிச்சை தேவைப்பட்டால் காசநோய் மருத்துவரும் மாற்றுச் சிகிச்சைக் குழுவும் இணைந்தே மருந்தைத் தெரிவு செய்வர்.

• வலிப்புநோய்க்கான பெனிற்றோயின், கார்பமசெபின், பீனோபார்பிட்டோன்.

• மனச்சோர்வுக்காகக் கடைகளில் விற்கப்படும் ‘சென் ஜோன்ஸ் வோர்ட்’ என்னும் மூலிகை. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் மாற்றிதயம் பெற்ற இருவர் இதை உட்கொண்டதைத் தொடர்ந்து நிராகரிப்புக்கு ஆளாயினர். அவர்களது குருதியில் சைக்ளோஸ்போரின் அளவு இறங்கியிருந்தது. 2000ஆம் ஆண்டு இச்செய்தி மருத்துவ இதழில் வெளியானது. மருந்துச்சீட்டின்றி வாங்கக்கூடிய ஒரு மூலிகையே அங்கே ஊறு விளைத்தது. இயற்கையானது என்பதால் ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது.

நெஞ்செரிவுக்கு எடுக்கப்படும் மக்னீசியம், அலுமினியம் அடங்கிய மருந்துகள் மைக்கோபினோலேட் உடலில் சேர்வதைக் குறைக்கும். இவற்றை எப்போது, எவ்வளவு இடைவெளி விட்டு எடுப்பது என்பதை மருந்தாளரிடம் கேட்டறியுங்கள்.

அளவை மாற்றாமலும் ஊறு விளைவிப்பவை

நியூரோஃபென், வோல்டரன் போன்ற வலிநீக்கி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைக்கின்றன. டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியனவும் அவ்வாறே செய்கின்றன. இரண்டும் சேரும்போது சிறுநீரகம் விரைவில் பழுதுறலாம். இவ்வலிநீக்கிகள் சில பல்பொருள் அங்காடியிலேயே கிடைப்பதால் கூடுதல் கவனம் தேவை. சாதாரண வலிக்கும் காய்ச்சலுக்கும் பரசிட்டமோல், அதாவது பனடோல், உரிய அளவில் பெரும்பாலானோருக்குப் பொருந்தும். ஆயினும் மாற்றுறுப்புப் பெற்றவருக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் எடுத்துவிட்டுப் பொறுத்திருக்கலாகாது. அன்றே மருத்துவக் குழுவுக்கு அறிவிக்க வேண்டும்.

யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு அலோபியூரினோல் தரப்படுவதுண்டு. அசாதியோபிரினை உடைக்கும் நொதியங்களுள் ஒன்றை இது அடக்கிவிடுகிறது. இரண்டையும் வழக்கமான அளவில் சேர்த்து எடுத்தால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு, குருதியின் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

கொலஸ்திரோலுக்கான சிம்வாஸ்டற்றினை சைக்ளோஸ்போரினுடன் எடுக்கலாகாது. தசைகள் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் அபாயம் உண்டு. ‘உப்புக்குறைந்த உப்பு’ என விற்கப்படும் சில பொருள்களில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டுள்ளது. டக்ரோலிமஸ் எடுப்பவர்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் உயரும் இயல்புண்டு என்பதால் இவற்றைத் தவிர்ப்பது நன்று.

எமது சமையலறையும் கைமருந்தும்

கறிக்கு இடும் மஞ்சள், இரசத்துக்கு இடும் மிளகு, தேநீருக்கு இடும் இஞ்சி ஆகியவற்றை வழக்கமான சமையல் அளவில் உண்பவர்கள் அஞ்சத் தேவையில்லை. மஞ்சளைச் செறிவூட்டி மாத்திரையாகவோ, நாள்தோறும் பல கரண்டித் தூளாகவோ உட்கொள்வது வேறு. அது உணவன்று, மருந்தே. அதை மருத்துவக் குழுவிடம் கேளாமல் தொடங்கலாகாது.

சீந்தில், அமுக்கரா, நிலவேம்பு முதலியன ‘எதிர்ப்புச் சக்தியை வளர்ப்பவை’ என்ற நம்பிக்கையுடனேயே பெரும்பாலும் உட்கொள்ளப்படுகின்றன. பிறருக்கு அது நன்மையாகத் தோன்றலாம். மாற்றுறுப்புப் பெற்றவரின் சிகிச்சையோ நோயெதிர்ப்பை அடக்குவதையே நோக்கமாகக் கொண்டது. ஆகவே எதிர்ப்பைத் தூண்டும் எதுவும் அவருக்கு உதவியாகாது. சில பற்பங்களிலும் செந்தூரங்களிலும் ஈயம், பாதரசம் போன்றவை இருப்பதும் அறியப்பட்ட உண்மை. இவை சிறுநீரகத்துக்கு நஞ்சாகும்.

பழங்களுள் கிரேப்புரூட்டோடு பம்பளிமாசு, கசப்புத் தோடை ஆகியனவும் தவிர்க்கப்பட வேண்டியவை. மார்மலேட் பல வேளை கசப்புத் தோடையிலிருந்தே செய்யப்படுகிறது. நாரத்தையும் இவ்வினத்தைச் சார்ந்தது என்பதால், நாரத்தங்காய் ஊறுகாயை வழக்கமாக உண்பவர்கள் அதையும் மருத்துவக் குழுவிடம் கூறுங்கள். சாதாரண இனிப்புத் தோடம்பழமும் தேசிக்காயும் பொதுவாகத் தடையற்றவை.

கந்தசஷ்டி, சிவராத்திரி போன்ற விரத நாள்களிலும் மருந்து வேளை தவறலாகாது. விரதம் இருக்க விரும்பினால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். நீரின்றி விரதமிருப்பது மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஏற்றதன்று.

தாயகப் பயணம்

இந்தியாவுக்கோ இலங்கைக்கோ செல்பவர்கள் பயணக் காலத்துக்கு வேண்டியதற்கும் சற்றுக் கூடுதலான மருந்தைக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். மருந்துப் பட்டியல் அடங்கிய மருத்துவரின் கடிதமும் உடனிருக்கட்டும். டக்ரோலிமஸ் இரு வடிவங்களில் கிடைக்கிறது. புரோகிராஃப் நாளொன்றுக்கு இருமுறை எடுப்பது. அட்வகிராஃப் எக்ஸ்எல் மெதுவாகக் கரைவது, நாளொன்றுக்கு ஒருமுறை மட்டும் எடுப்பது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை எடுத்ததால் தீங்கு நேர்ந்ததுண்டு. பெட்டியின் தோற்றமோ பெயரோ மாறியிருந்தால், அது எந்நாட்டு மருந்துக்கடையாயினும், கேட்டறிந்த பின்னரே உட்கொள்ளுங்கள்.

அங்கே காய்ச்சலோ இருமலோ வந்தால் கடையில் கேட்டு நுண்ணுயிர்க்கொல்லி வாங்குவதைத் தவிருங்கள். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் மாற்றுறுப்புப் பெற்றவர்களுக்குப் பொதுவாகத் தரப்படுவதில்லை. ஆகவே பயணத் தடுப்பூசி பற்றிப் பல வாரங்கள் முன்னரே ஆலோசிக்க வேண்டும்.

குருதிச் சோதனை நாளில்

அடுத்த வேளை மருந்தை எடுப்பதற்குச் சற்று முன் குருதியில் எஞ்சியிருக்கும் அளவே அளக்கப்படுகிறது. ஆகவே சோதனை நாளில் காலை மருந்தை உடன் கொண்டுசென்று, குருதி எடுத்த பின்னரே உட்கொள்ள வேண்டும். முன்னரே எடுத்துவிட்டால் அதை மறைக்காமல் தாதியிடம் கூறுங்கள். பிழையான எண்ணைக் கொண்டு அளவை மாற்றினால் தீங்கு உங்களுக்கே. ஒருவேளை மருந்து தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாக எடுக்கலாகாது. மருத்துவக் குழுவை அழைத்துக் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது?

• முதலாவதாக, உங்கள் மாற்றுச் சிகிச்சைப் பிரிவு. அதன் தொலைபேசி எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

• இரண்டாவதாக, உங்கள் மருந்தாளர். எல்லா மருந்துகளையும் ஒரே மருந்தகத்தில் வாங்கினால், பொருந்தாத மருந்தை அவரால் எளிதில் கண்டுகொள்ள முடியும்.

• குடும்ப மருத்துவரின் பரிந்துரையுடன், பயிற்சி பெற்ற மருந்தாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து உங்கள் மருந்துகள் அனைத்தையும் ஆராயும் ‘வீட்டு மருந்து மீளாய்வு’ அவுஸ்திரேலியாவில் உண்டு. மூலிகைப் போத்தல்களையும் ஊரிலிருந்து வந்த சூரணங்களையும் அவரிடம் காட்டுங்கள்.

• தமிழில் பேச விரும்பினால் 131 450 என்ற எண்ணில் தேசிய மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை அழைக்கலாம். மருத்துவமனையில் தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்பது உங்கள் உரிமை. பெற்றோருக்காகப் பிள்ளைகள் மொழிபெயர்க்கும்போது மருந்தின் அளவும் பெயரும் பிழைபடக்கூடும். எனவே பயிற்சி பெற்றவரையே கேளுங்கள்.

• தவறான மருந்தோ மிகையான அளவோ எடுத்துவிட்டால் நஞ்சுத் தகவல் நிலையம்: 13 11 26. உயிராபத்து எனில்: 000.

பயிற்சி: நீங்கள் என்ன செய்வீர்கள்?

1. வார இறுதியில் திறந்திருக்கும் ஒரு சிகிச்சை நிலையத்தில் இருமலுக்குக் கிளாரித்ரோமைசின் எழுதித் தருகின்றனர்.

2. மூன்று நாள்களாக வயிற்றுப்போக்கு. மருந்து உடலில் சேரவில்லை என எண்ணி உறவினர் ஒருவர் கூடுதலாக ஒரு மாத்திரை எடுக்கச் சொல்கிறார்.

3. ஆறு மாதக் காசநோய்ச் சிகிச்சை இன்றுடன் நிறைவடைகிறது. ரிஃபாம்பிசின் இனித் தேவையில்லை.

*விடைகள்.* 1: நீங்கள் மாற்றுறுப்புப் பெற்றவர் என்பதையும் உட்கொள்ளும் மருந்துகளையும் அம்மருத்துவரிடம் கூறி, வேறு மருந்து உண்டா எனக் கேளுங்கள். முதல் மாத்திரையை விழுங்குமுன் மாற்றுச் சிகிச்சைப் பிரிவை அழையுங்கள். 2: கூடுதல் மாத்திரை எடுக்கலாகாது. அளவு ஏற்கெனவே ஏறியிருக்கக்கூடும். குருதிச் சோதனை தேவை என அன்றே அழைத்துக் கூறுங்கள். 3: சிகிச்சை முடிவது நற்செய்தியே. எனினும் இதுவும் ஒரு மாற்றம். நொதியத்தின் தூண்டல் அடுத்துவரும் வாரங்களில் தணியும்போது டக்ரோலிமஸ் அளவு ஏறும். நிறுத்தும் நாளைக் குழுவுக்கு முன்கூட்டியே அறிவித்துச் சோதனை நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்துப் பட்டியல் ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். அதில் உங்கள் மருந்துகளின் பெயர், அளவு, எடுக்கும் நேரம் ஆகியவற்றோடு மாற்றுச் சிகிச்சைப் பிரிவின் எண்ணும் இருக்கட்டும். உங்களோடு வாழ்பவர்களுக்கும் அது இருக்குமிடம் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பேச இயலாத நிலையில், உங்களுக்காகக் கேள்வி கேட்கப்போகிறவர்கள் அவர்களே.